எறும்பு தொடாத பால்

அத்தியாயம் 9

பாட்டிலின் கழுத்தில் ஒட்டியிருந்த செம்மண்ணைப் பற்றிக் கரோலின் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

நேற்று சாயங்காலம் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த இரண்டு காலிப் பாட்டில்களையும் கழுவ எடுத்தபோதுதான் அதைப் பார்த்தாள். ஒன்று சுத்தமாக இருந்தது. இன்னொன்றின் வாயோரத்தில் ஈர மண். குறைமாதப் பிள்ளைகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காப்பாற்றுகிற இடத்தில் செம்மண் எங்கிருந்து வரும்? நாத்தனார் ரூத்திடம் கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் வந்திருக்கும். ரூத்திடம் பதிலுக்கு என்றைக்கும் பஞ்சம் இருந்ததில்லை. அந்தப் பதிலைக் கேட்கத்தான் கரோலினுக்குப் பயமாக இருந்தது.

அவள் பெற்றது இரட்டைப் பெண்கள். எட்டாம் மாதமே அவசரப்பட்டு வந்துவிட்டவர்கள். அன்னூரில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் வயிற்றைக் கீறி எடுத்த ஒரு மணி நேரத்துக்குள், இரண்டையும் டாக்சிக்காரர் கையூம் பாயின் அம்பாசிடரில் வைத்துக்கொண்டு அவள் புருஷன் பெனடிக்ட் கோயமுத்தூருக்குப் பறந்தான். அதற்கப்புறம் பதினேழு நாள் ஓடிவிட்டது. போத்தனூர் ரயில்வே வேலைக்கு லீவு போட்டுவிட்டு அவன் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கிடக்கிறான். தையலில் சீழ் வைத்துக் காய்ச்சல் கண்ட கரோலின் அன்னூர் வீட்டில் கிடக்கிறாள். பெற்ற பிள்ளைகளை ஒரு நிமிஷம் பார்த்ததோடு சரி.

அவளால் முடிந்தது ஒன்றே ஒன்றுதான். பால்.

மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய கண்ணாடிப் பம்ப். ஒரு முனை புனல் மாதிரி விரிந்திருக்கும். மறுமுனையில் லாரி ஹாரனுக்கு இருக்கிறாற்போல் ஒரு சிவப்பு ரப்பர் பந்து. நடுவிலுள்ள கண்ணாடிக் குமிழில் பால் சேரும். மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை, ராத்திரி பகல் பார்க்காமல், அந்தப் பந்தை அமுக்கி அமுக்கி அவள் கட்டைவிரலில் தோல் உரிந்துவிட்டது. வலது மாரின் பால் பெரியவளுக்கு, இடது மாரின் பால் சின்னவளுக்கு, தனித்தனிப் பாட்டில். கூடப் பிறந்தவர்கள் பின்னால் அடித்துக்கொள்ளாமல் இருக்கவேண்டுமாம். இது ரூத் முதல் நாளே போட்ட சட்டம்.

ரூத்திடம் இன்னொரு சட்டமும் இருந்தது. தாய்ப்பாலைத் தரையில் சிந்தக் கூடாது. எறும்பு மொய்த்தால் மாரில் பால் வற்றிப்போகும். சிந்திய சொட்டைக்கூட ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, ஓடுகிற தண்ணீரில் அலசிவிடுவாள்.

இப்படிச் சேர்த்த பாலெல்லாம் பக்கத்து வீட்டு அம்புஜம் டீச்சரின் ஃப்ரிட்ஜில் இருக்கும். அந்தத் தெருவுக்கே ஒரு ஃப்ரிட்ஜ், ஒரு டெலிபோன், இரண்டும் டீச்சருடையவை. தினமும் காலையில் ரூத் பாட்டில்களை ஐஸ் போட்ட தூக்கில் வைத்து, கையூம் பாயின் காரில் கொண்டுபோவாள்.

ஐப்பசி மழை அதையும் கெடுத்தது. நேற்று அடித்த காற்றில் எங்கேயோ கம்பி அறுந்து, கரண்ட் போனது போனதுதான். காலையில் ஃப்ரிட்ஜைத் திறந்தால் பால் புளித்து வாடை அடித்தது. அது போதாதென்று, ஏழு மணிக்கு டீச்சர் வேலியோரமாக ஓடிவந்தாள்.

"ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்துச்சு கரோலின். நேத்து பால் பத்தலைன்னு பவுடர் கரைச்சுக் குடுத்தாங்களாம். பெரியவளுக்கு வயிறு கல்லாட்டம் உப்பிக்கிச்சாம். பத்து மணிக்குள்ள தாய்ப்பால் வந்தாகணும்னு சொல்றாங்க."

"பத்தலையா? அதெப்படிங்க டீச்சர்? பாட்டில் நிறையக் குடுத்தனுப்பறேனே?"

டீச்சருக்கு அது தெரியவில்லை. ரூத்துக்குத் தெரிந்ததா என்று பார்க்கக் கரோலின் திரும்பினாள். ரூத் புளித்த பாலை எடுத்துக்கொண்டு வாய்க்கால் பக்கம் போய்விட்டிருந்தாள்.

ராத்திரி முழுக்கச் சேர்த்ததெல்லாம் போயிற்று. விடிகாலையில் எடுத்ததையும் அதே பாட்டில்களில் ஊற்றியிருந்ததால் அதுவும் கெட்டது, மார் தளர்ந்து கிடந்தது. பால் ஊற இரண்டு மணி நேரம் ஆகும். அதற்கப்புறம் கிளம்பினால் பத்து மணிக்குப் போய்ச் சேர முடியாது.

"நானே வாரேனுங்க அண்ணி" என்றாள் கரோலின். "பம்ப்பை எடுத்துக்கறேன். கார்ல போகப் போக எடுத்துடலாம். இறங்கறப்ப சூடு ஆறாம குடுத்துடலாமுங்க."

ரூத்தின் முகம் வெளுத்துப்போனது. "உனக்கென்ன கிறுக்கா கண்ணு? தையல் இன்னும் காயலை. குலுங்கிக் குலுங்கிப் பிரிஞ்சுபோட்டா?"

"பிரிஞ்சா தைச்சுக்கலாம். புள்ளைக்கு ஒண்ணு ஆனா என்னத்தைத் தைக்கறது?"

பதிலுக்குப் பஞ்சமில்லாத ரூத், தூக்கை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

வாசலில் வண்டி வந்து நின்றது. கையூம் பாய் அன்னூர் ஸ்டாண்டில் இருபது வருஷமாகக் கார் ஓட்டுகிறவர். கரோலின் வருவதைப் பார்த்ததும் அவர் சிரிக்க வேண்டும். அவர் அப்படிப்பட்ட மனுஷர். அன்றைக்குச் சிரிக்காமல் ரூத்தைப் பார்த்தார்.

"பாய், கருமத்தம்பட்டி வழியா சுத்திப் போயிரலாமுங்க" என்றாள் ரூத்.

"அந்தப் பக்கம் தரைப்பாலத்து மேல தண்ணி போகுதுங்க அக்கா. ஒரு வண்டியும் போகலை."

"கொஞ்சம் பாத்து…"

"நேர் ரோடுதானுங்க. வேற வழி கிடையாது."

அதைச் சொல்லும்போது அவர் ரூத்தின் முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டு பேரும் ஏதோ ஒரு ரோட்டுக்குப் பயப்படுகிறார்கள் என்று கரோலினுக்குப் பட்டது. தினமும் போய்வருகிற ரோட்டுக்கு என்ன பயம்?

பின்சீட்டு ஜன்னல்களில் துண்டுகளைச் செருகிக் கண்ணாடியை ஏற்றினாள் ரூத். கையூம் பாய் சொல்லாமலே பின்பக்கம் பார்க்கிற கண்ணாடியைக் கூரைப் பக்கம் திருப்பிவைத்தார். "அம்மணி, நீங்க உங்க வேலையைப் பாருங்க. பள்ளம் வந்தா நான் முன்னாடியே சொல்லிப்போடறேன்."

சொன்னபடியே செய்தார். "பள்ளமுங்க அம்மணி" என்று அவர் குரல் வரும். கரோலின் பம்ப்பை மாரிலிருந்து எடுத்து நேராகப் பிடித்துக்கொள்வாள். சாய்ந்துவிட்டால் பால் ரப்பர் பந்துக்குள் போய்விடும். போன பால் போனதுதான், அது குழந்தைக்கு ஆகாது. பள்ளம் தாண்டியதும் மறுபடி ஆரம்பிக்க வேண்டும்.

ஆரம்பித்தும் ஒன்றும் வரவில்லை. கணேசபுரம் தாண்டியும் குமிழில் நாலு சொட்டு. வெளியே மூட்டம் போட்டிருந்தது. துண்டின் இடுக்கில் பார்த்தால் சோளக்காட்டுக்கும் வானத்துக்கும் நடுவே கோடே தெரியவில்லை. ரூத்தின் விரல்களில் ஜெபமாலை ஓடிக்கொண்டிருந்தது. அது ஜெபம் சொல்கிற வேகமாக இல்லை.

"பயந்துக்காதே கண்ணு. பயந்தா இறங்காது."

"எனக்கென்னங்க அண்ணி பயம்? நீங்கதான் பயந்துட்டு உக்காந்திருக்கறீங்க."

ரூத் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"பள்ளமுங்க அம்மணி."

தூக்கினாள். வண்டி குலுங்கியது. மறுபடி வைத்தாள். அமுக்கினாள். வலது மார், இடது மார், மறுபடி வலது. காய்ந்த கிணற்றில் வாளி விடுகிற மாதிரி இருந்தது. அவளுக்கு அழுகை முட்டியது. பதினேழு நாளாக ஒரு தடவைகூட ஏமாற்றாத உடம்பு, இன்றைக்குப் பார்த்துக் கைவிடுகிறதே என்று ஆத்திரமாக வந்தது.

அப்போது வண்டியின் வேகம் குறைந்தது.

கரோலின் பழக்கமாகப் பம்ப்பைத் தூக்கிப் பிடித்தாள். பள்ளம் வரவில்லை. வண்டி மெதுவாகி, இன்னும் மெதுவாகி, ரோட்டின் இடது ஓரத்துக்கு ஒதுங்கியது. கையூம் பாய் ஒன்றுமே சொல்லவில்லை. நிற்கப்போகிற மாதிரி உருண்டது.

"பாய்!" என்றாள் ரூத். அது கூப்பிட்ட குரல் அல்ல, சூடு பட்டவள் போட்ட குரல்.

வண்டி உலுக்கிக்கொண்டு நேரானது. அதே நொடியில் கரோலினின் இடது மார் கல்லாக இறுகியது. ஊசிகள் குத்துகிற மாதிரி உள்ளுக்குள் ஒரு சுருக்கு. பம்ப் வலப்பக்கம் இருந்தது. இடப்பக்கம் ஒரு கையும் படவில்லை. ஜாக்கெட் நனைந்து, சேலை நனைந்து, மடியில் சூடாகச் சொட்டத் தொடங்கியது.

எங்கேயோ ஒரு குழந்தை அழுதது. மெலிசாக, மூச்சு பற்றாமல், பிறந்த அன்றைக்கு அழுததே அதே மாதிரி.

"அண்ணி, கேட்டுச்சுங்களா?"

"மயிலு கண்ணு. இந்தப் பக்கம் மயிலு ஜாஸ்தி." ரூத் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

கரோலின் அவசரமாகப் பம்ப்பை இடது பக்கம் மாற்றினாள். பந்தை அமுக்கவே வேண்டியிருக்கவில்லை. குமிழ் நிறைந்தது, பாட்டிலில் ஊற்றினாள், மறுபடி நிறைந்தது. அரை பாட்டில். ரோட்டின் ஒரு வளைவு தாண்டியதும், யாரோ குழாயை மூடியது போல் நின்றுவிட்டது.

பாட்டிலை மூடினாள். மடியில் சிந்தியிருந்த பாலை ரூத் துடைக்கவில்லை. ஒரு சொட்டு சிந்தினாலும் வீட்டை இரண்டாக்குகிறவள், அதைப் பார்க்கக்கூட இல்லை.

"கையூம் அண்ணா, அங்கே எதுக்குங்க மெதுவாப் போனீங்க?"

"பள்ளமுங்க அம்மணி."

"பள்ளம்னா சொல்லுவீங்களே."

அவர் கியரை மாற்றினார். அவருடைய கழுத்தின் பின்புறம் வேர்த்திருப்பதைக் கரோலின் பார்த்தாள். மூட்டம் போட்ட குளிர்காலைக்கு அது அதிக வேர்வை.

"அது என்ன இடமுங்க?"

"கள்ளிமேடுங்க."

கள்ளிமேடு. மாமனார் பாக்கியசாமியை அடக்கம் பண்ணியிருக்கிற கல்லறைத் தோட்டம் அங்கேதான் இருக்கிறது. கல்யாணமான புதிதில் ஒரு தடவை மெழுகுவர்த்தி ஏற்ற வந்திருக்கிறாள். ரோட்டை ஒட்டிச் சின்ன மதில், இரும்புக் கதவு, உள்ளே கருவேல மரங்கள். மண்ணெல்லாம் செம்மண்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததை மனசு ஒப்புக்கொள்ளத்தான் சில விநாடிகள் பிடித்தன.

"வண்டியைத் திருப்புங்கண்ணா."

"கண்ணு, மணி எட்டரை ஆகுது, பத்து மணிக்குள்ள…"

"திருப்புங்கண்ணா. இல்லீன்னா கதவைத் திறந்து குதிச்சுப்போடுவேன்."

கையூம் பாய் உடனே வண்டியைத் திருப்பினார். அவருக்கும் இது எப்போதாவது முடிய வேண்டும் போல இருந்திருக்கிறது.

இரும்புக் கதவு பூட்டியிருக்கவில்லை. கரோலின் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ரூத் தாங்கிப் பிடிக்க வந்தாள். கரோலின் கையைத் தட்டிவிட்டாள். பாக்கியசாமியின் கல்லுக்குக் கால்மாட்டில் ஒரு சின்ன மேடு இருந்தது. ஒரு முழம் நீளம் இருக்கும். தலைமாட்டில் இரண்டு குச்சியைக் கட்டிச் சிலுவையாக ஊன்றியிருந்தார்கள். மழை மண்ணைக் கரைத்திருந்தது. அப்படியும் மேட்டின் நடுவில் வெள்ளையாக ஒரு வட்டம் படிந்திருந்தது.

"எப்பங்க?"

"அஞ்சாம் நாளு." ரூத் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். "மூச்சு நின்னுபோச்சு கண்ணு. சின்னவ. ஆஸ்பத்திரியில இருந்த சிஸ்டர் தண்ணி ஊத்தி ஞானஸ்நானம் குடுத்தாங்க. பேரு சொல்லுங்க, சீக்கிரம் சொல்லுங்கன்னு கேக்கறாங்க. தம்பி வாயே திறக்கலை. எனக்கு ஒரு பேரும் வரலை. என்ற பேரையே சொல்லிப்போட்டேன். என்ற பேரை நானே கொண்டாந்து இந்த மண்ணுல வெச்சேன்."

பிள்ளையில்லாத ரூத் அழுத அழுகை, பாட்டிலும் தூக்குமாகக் காரில் போய்வந்த பன்னிரண்டு நாளும் அவள் அடக்கிவைத்திருந்த அழுகை. நமக்கு அவள்மேல் கோபம் வரலாம். கரோலினுக்கும் வந்தது.

"எங்கிட்ட எதுக்குங்க மறைச்சீங்க? பன்னெண்டு நாளு! தினமும் வந்து, சின்னவ இத்தினி குடிச்சா, சின்னவ அப்படித் தூங்கினான்னு கதை சொன்னீங்களே!"

"அதிர்ச்சியில பால் நின்னுபோகும்னு பயந்தோம் அம்மணி. நின்னுபோச்சுன்னா பெரியவளும் போயிருவா. அவ ஒண்ணரைக் கிலோகூட இல்லை. ஒண்ணைக் குடுத்தாச்சு, இன்னொண்ணையும் குடுக்க எங்களுக்குத் தெம்பு இல்லை. பெரியவ தேறி ஊட்டுக்கு வரட்டும், அப்பறம் சொல்லிக்கலாம்னு இருந்தோம்."

அப்படித்தான் அந்த வீட்டில் நினைத்தார்கள். துக்கத்தைக் கேட்டால் பால் வற்றும். அதனால் துக்கத்தையே மூடிவைத்தார்கள். இடது மாரின் பாலை மட்டும் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? சொன்னால் தெரிந்துவிடுமே. அதனால் அதையும் வாங்கிக்கொண்டார்கள்.

"அந்தப் பாலை என்ன செய்யறது, நீயே சொல்லு. சிங்க்குல கொட்ட எனக்கு மனசு வரலை. இங்கே நிறுத்தச் சொல்லி, அவளுக்கே ஊத்திட்டுப் போவேன். தினமும் நின்னு நின்னு பாய்க்குப் பழகிப்போச்சு, இந்த இடம் வந்தா அவரையறியாம மெதுவாயிடறாரு."

கரோலின் அந்த வெள்ளை வட்டத்தைப் பார்த்தபடியே நின்றாள். "தரையில ஊத்தினா எறும்பு குடிக்கும்னு சொன்னது நீங்கதானுங்க அண்ணி."

ரூத் அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இங்கே எறும்பே வரதில்லை அம்மணி."

கையூம் பாய் கதவருகே தொப்பியைச் சரிசெய்துகொண்டு தலையாட்டினார். அவரும் பார்த்திருக்கிறார்.

"நானும் பன்னெண்டு நாளா பாக்கறேன். கருவேல மரத்துக்கடியில கட்டெறும்பு, மதிலோரம் சிவப்பெறும்பு, எல்லாம் இருக்குது. இந்த மேட்டுக்கு ஒண்ணுகூட வராது. ஊத்தறேன், ஊத்த ஊத்த மண்ணு குடிச்சுப்போடுது. ஒரு சொட்டு நிக்காது. நேத்து பாட்டிலைக் கவுத்துப் பிடிச்சிருந்தப்ப, கீழே இருந்து இழுக்கறாப்பல இருந்துச்சு. பயந்து கையை விட்டுட்டேன், பாட்டில் மண்ணுல விழுந்துபோச்சு."

காற்று இல்லை. கருவேல இலை ஒன்றும் அசையவில்லை. கரோலினின் இடது மார் மறுபடி இறுகியது. அவள் குனியவில்லை, ஒன்றும் செய்யவில்லை. நனைந்த சேலையிலிருந்து பால் தானாகச் சொட்டி, மேட்டின்மேல் விழுந்தது. விழுந்த இடத்தில் ஈரம்கூடத் தங்கவில்லை.

அவள் அப்போதுதான் அழுதாள். கைக்குட்டை வைக்காமல், சத்தத்தை அடக்காமல், தையல் வலிக்க வலிக்க அழுதாள். ரூத் பயந்துபோய் அவள் வாயைப் பொத்த வந்தாள்.

"அழுகாதே கண்ணு, பாலு…"

"நான் அழுவேனுங்க அண்ணி. அழுதாலும் பாலு வரும். பாருங்க, வந்துட்டுத்தானே இருக்குது."

ஐந்து நிமிஷம். அதற்கு மேல் அவளே தன்னை விடவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மேட்டைப் பார்த்துச் சொன்னாள்: "போதும் சாமி. இனிமே உன்ற பங்கும் அக்காளுக்குத்தான். அவ பசியோட கெடக்கறா."

காரில் ஏறியதும் பம்ப்பை எடுத்தாள். இந்த முறை வலது பக்கமும் இறங்கியது. கோவில்பாளையம் வருவதற்குள் இரண்டாவது பாட்டிலிலும் பாதி சேர்ந்துவிட்டது. "பள்ளமுங்க அம்மணி" என்று கையூம் பாய் சொல்லச் சொல்ல, அவள் தூக்கிப் பிடித்துத் தூக்கிப் பிடித்து, ஒரு சொட்டுக்கூட வீணாக்காமல் எடுத்தாள். துக்கம் அது பாட்டுக்கு இருந்தது. கை அதன் வேலையைச் செய்தது.

சரவணம்பட்டி தாண்டும்போது கேட்டாள். "பெரியவளுக்கு எதுக்குங்க பவுடர் குடுத்தாங்க? அவ பாட்டிலை முழுசா அவளுக்குத்தானே குடுத்தீங்க?"

"முழுசா உன்ற புருஷன் கையிலதான் குடுப்பேன். உள்ளே நர்ஸம்மாகிட்ட அவன்தான் கொண்டுபோவான். எனக்கும் புரியலை கண்ணு. அவ்வளவு பாலு குடுத்தும் எடை ஏறவே இல்லைன்னு டாக்டரும் மண்டையை உடைச்சுக்கறாரு."

"சின்னவளுக்கு நேத்து குடிச்சதும் விக்கல் வந்துச்சுன்னு சொன்னீங்களே. அப்படியெல்லாம் கதை கட்ட எப்படிங்க உங்களுக்கு மனசு வந்துச்சு?"

ரூத் திரும்பிப் பார்த்தாள். "நான் கட்டலை அம்மணி. எனக்கு அத்தனை சாமர்த்தியம் ஏது? தம்பி சொல்லுவான். சின்னவளுக்கு விக்கல், சின்னவ கையை விரிச்சா, அப்படீன்னு தினமும் சொல்லியனுப்புவான். உனக்காக யோசிச்சு யோசிச்சுச் சொல்றான்னு நினைச்சேன். அப்படியே வந்து ஒப்பிச்சேன்."

கரோலின் பாட்டிலின் மூடியை இறுக்கினாள். கணபதியில் மில் சங்கு ஊதியது. லாரிகளும் டவுன்பஸ்களும் நெருக்க ஆரம்பித்தன.

"எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவங்ககிட்டச் சொல்லிடாதீங்க" என்றாள்.

"ஏன் கண்ணு?"

"அவங்களாவே சொல்லட்டும். எங்கண்ணைப் பாத்து எப்படி மறைக்கறாங்கன்னு பாக்கறேன்." சொல்லும்போதே அவளுக்குத் தன்மேல் வெட்கமாக இருந்தது. ஆனாலும் அந்தக் கோபம் அவளுக்கு வேண்டியிருந்தது. அது இல்லாவிட்டால் ஆஸ்பத்திரிப் படியேறத் தெம்பு இருக்காது.

"இன்னைக்குக் காலையில டீச்சர் வீட்டுப் போன்ல அவன்கிட்டச் சொல்லியிருக்கறேன்" என்று தயங்கினாள் ரூத். "சின்னவளை வேற ரூமுக்கு மாத்திட்டாங்க, பாக்க விடமாட்டாங்கன்னு சொல்லச் சொல்லி."

"சரி. அதையே சொல்லட்டும்."

ஒன்பதே முக்காலுக்குக் கார் ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. பெனடிக்ட் படியில் காத்திருந்தான். பதினேழு நாளாக வராந்தாவில் படுத்தவன் எப்படி இருப்பான் என்று கரோலின் நினைத்திருந்தாளோ, அப்படி அவன் இல்லை. முகம் வழித்து, தலை வாரி, வெளுத்த சட்டை போட்டு, கோவிலுக்குப் போகிறவன்போல் நின்றான். அவளைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"வந்துட்டியா கரோ! மெதுவா, மெதுவா. தையலுக்கு ஆகாது." கையைப் பிடித்து இறக்கினான். கை சூடாக, நடுங்காமல் இருந்தது.

கரோலின் இரண்டு பாட்டிலையும் மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தாள். "ரெண்டு கொண்டாந்திருக்கறேனுங்க" என்று அவன் கண்ணையே பார்த்துச் சொன்னாள். அந்தக் கண் தாழும் என்று எதிர்பார்த்தாள்.

தாழவில்லை.

"ரெண்டா! நல்லதாப் போச்சு" என்றான். "அக்கா தினமும் ஒண்ணுதான் கொண்டாந்து குடுக்குது. என்ன பண்றது? பாதியைச் சின்னவளுக்குன்னு எடுத்து வெச்சுக்குவேன். மீதியைத்தான் நர்ஸம்மாகிட்டக் குடுப்பேன். பெரியவ பொறுத்துக்குவா, அவ கெட்டிக்காரி. சின்னவதான் பாவம்."

ரூத்தின் கையிலிருந்த தூக்கு படியில் விழுந்து உருண்டது. "டேய் தம்பி… சின்னவளைத்தான் வேற ரூமுக்கு மாத்திட்டாங்கல்ல?"

பெனடிக்ட் அக்காவைப் பார்த்தான். புரியாமல் பார்த்தான். "யாரு சொன்னா? அவ பெட்டியிலதான் இருக்கா. இப்பத்தான் பாத்துட்டு வந்தேன். முழிச்சிட்டிருக்கா."

அவன் மறைக்கிறானா என்று பார்க்க வந்த கரோலினுக்கு, அவன் முகத்தில் மறைப்பதற்கு ஒன்றுமே இல்லை, சின்னவள் இருக்கிறாள் என்றே அவன் நம்புகிறான் என்று தெரிந்தது. பன்னிரண்டு நாளாகப் பெரியவள் ஏன் எடை ஏறாமல் கிடக்கிறாள் என்பதும் தெரிந்தது.

"குடு கரோ" என்று அன்பாகக் கை நீட்டினான். "நேரமாகுது. சின்னவ பசியில இருக்கா."

அவன் விரல்கள் பாட்டிலைப் பிடித்தன. கரோலின் விடவில்லை.